மீன் கமிட்டியின் சைவச் செயலாளர்

ஒரு விஷயத்தைப் பற்றி மைக் பிடித்துப் பேச, அந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் என்னை அப்போதே உள்ளே தூக்கிப் போட்டிருப்பார்கள். ஏரி மீன்கள் முட்டையிடப் போகும் வழியைக் காக்க ஏற்பட்ட ஒரு கமிட்டியின் செயலாளர் நான். பிறந்ததிலிருந்து ஒரு மீனைக்கூடத் தின்றதில்லை. (தொட்டதும் இல்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.)

எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில். அப்பா கோவில் மடைப்பள்ளியில் பிரசாதம் செய்கிறவர். முட்டை என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் கோஸோடு சேர்ந்துதான் வர முடியும். அதையும் அம்மா வாசலிலேயே வெட்டிவிட்டு வெறும் கோஸை மட்டும் உள்ளே அனுமதிப்பாள். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து தினமும் நாவலூருக்கு பஸ் பிடித்துப் போய், ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. நாள் முழுக்க அடுத்தவன் குறையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன்னிடமும் ஒன்றிரண்டு இருக்கலாம் என்று தோன்றவே தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் ஏரி பார்க்கக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இரண்டு ஏரிகள். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் சுவரைத் தாண்டி வழிந்து, வாய்க்கால் வழியாகக் கீழ் ஏரிக்கு வரும். அதுவும் நிரம்பினால் ஓடையாகக் கிழக்கே போய்க் கடலில் சேரும். ஊர்ப் பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து வீட்டுக்கு வருவார்கள். மேலேரிக்காரர்கள், கீழேரிக்காரர்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

அன்றைக்குக் கலங்கல் சுவரின் அடியில் நான் பார்த்தது என்னை மாற்றிவிட்டது. (சிரிக்காதீர்கள், இந்த ஒரு பத்தி சீரியஸ்.) மேலேயிருந்து விழும் தண்ணீரை எதிர்த்து மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மேல் ஏரியின் ஓரத்தில் புல் மூழ்கிக் கிடக்கும் இடத்துக்குப் போய் முட்டையிட வேண்டும் என்று அவற்றுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்; நடுவில் மனிதன் சுவர் வைத்திருக்கிறான் என்று சொல்லவில்லை. ஒரு மீன் துள்ளி, சுவரில் மோதி, விழுந்து, மறுபடி துள்ளியது. சுவரடியில் வலையோடு சிலர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு அது சாப்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மீன் மறுபடி மறுபடி துள்ளியதைப் பார்த்துவிட்டு என்னால் நண்பர்களோடு பிரியாணிக் கடைக்குப் போக முடியவில்லை. (போயிருந்தாலும் எனக்குத் தயிர்சாதம்தான்.)

சுவரை ஒட்டிக் கற்களைச் சரிவாக அடுக்கினால் மீன் ஏறிப்போகும் என்று யாரோ சொன்னார்கள். கற்களுக்குப் பஞ்சமில்லை. மனிதர்கள்தான் பிரச்சினை. மேலேரிக்காரர்கள் தங்கள் நெல்லுக்குத் தண்ணீர் போதாது என்று வருடா வருடம் கலங்கல்மேல் மணல் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கோபத்தில் கீழேரிக்காரர்கள் மேலே ஏற வரும் மீனை ஒன்று விடாமல் வாய்க்காலிலேயே வாரிவிடுவார்கள். தண்ணீரும் கீழே வராது, மீனும் மேலே போகாது. தண்ணீர் இறங்கி மீன் ஏறினால் இரண்டு ஊருக்கும் லாபம். மீன் மேலே போய் முட்டையிட்டால் குஞ்சுகள் தண்ணீரோடு கீழ் ஏரிக்குத்தானே வரும்? இதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் யார் முதலில் விட்டுக்கொடுப்பது?

மேலேரியின் பாசன சங்கத் தலைவர் துரைக்கண்ணு. கீழ் ஏரியில் மீன்பிடி உரிமை எடுத்திருந்த மகளிர் குழுவின் தலைவி அஞ்சலை. இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. நான் கெஞ்சிக் கூட்டிய கமிட்டிக் கூட்டத்துக்கு வருவார்கள். ஆனால் கீழேரி நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று துரைக்கண்ணு மொபெட்டின் பின்னால் சொந்த நாற்காலியைக் கட்டிக்கொண்டு வருவார். பத்தடி தள்ளிப் போட்டுக்கொண்டு, "சாமி, அந்தம்மா கைல சொல்லு" என்பார். (கோவில் வீட்டுப் பிள்ளை என்பதால் நான் அங்கே 'சாமி'.) அஞ்சலை, "காதுல வுழுந்துச்சுன்னு அந்தாள் கைல சொல்லு சாமி" என்பாள். இப்படியே ஒரு கோடைக்காலம் முழுவதும் நான் டெலிபோன் கம்பியாக வாழ்ந்தேன்.

செயலாளராக என்னைப் போட்டதும் அஞ்சலைதான். காரணத்தை அவளே எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"மீனு துண்றவன் எவன நம்பி இத குடுக்கறது? சாமி வூட்ல மீனே கெடையாது. இவரு கைல குடுத்தா ஒரு கெண்டப்பொடி கூட கொறையாது."

துரைக்கண்ணு என்னைப் பார்த்து, "இது ஒண்ணு கரீட்டா சொல்லிக்கீதுன்னு சொல்லு" என்றார்.

அந்தக் கோடை முடிந்தபோது உடன்படிக்கை கனிந்தது. மழை விழுந்த நாளிலிருந்து வாய்க்காலில் யாரும் வலை போடுவதில்லை என்று இரண்டு ஊரும் வாக்குக் கொடுத்தன. கலங்கலில் தண்ணீர் தட்டியதும், அங்கேயே பந்தல் போட்டு இரண்டு ஊரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. சாப்பிட்ட கையோடு முதல் மணல் மூட்டையை இரண்டு ஊரும் சேர்ந்து எடுப்பது. பத்திரம், கையெழுத்து எல்லாம் வேண்டாம், அந்தப் பந்திதான் பத்திரம் என்று துரைக்கண்ணு சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் ஒரே பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் அப்புறம் முகம் திருப்ப மாட்டார்கள். பாதிப் பந்தியில் எழுந்து போனால் மட்டும், அதை மூன்று தலைமுறைக்கு மறக்க மாட்டார்கள்.

சாப்பாட்டுப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே ஏற்றுக்கொண்டேன்.

அப்பா, "புளியோதரை நான் பண்ணித் தரேன்டா, எடுத்துண்டு போ" என்றார்.

"மீன் விழாவுக்குப் புளியோதரையாப்பா? நாலு பேர் சிரிப்பாங்க."

(நாலு பேர் அல்ல. இரண்டு ஊர் சிரித்தது.)

ஏரிக்கரை ரோட்டோரம் மீன் விற்கும் தனம்மாளிடம் போனேன். எனக்கு அப்போது இருந்த மீன் அறிவைச் சொல்லிவிடுகிறேன். மளிகைக் கடையில் எப்போதும் துவரம்பருப்பு இருப்பதுபோல மீன்காரியிடம் எப்போதும் மீன் இருக்கும். கமிட்டிக்காக நான் போட்ட வரைபடத்தில் நீல அம்புக்குறியாக மேலே ஏறும் மீன் வேறு, குழம்பில் கிடக்கும் மீன் வேறு. இரண்டுக்கும் உறவு இருக்கலாம் என்று என் மூளையில் எந்த இடத்திலும் பதிவாகவில்லை.

"ஐஸ் மீன் வேண்டாம். பண்ணை மீனும் வேண்டாம். நம்ம ஏரித் தண்ணீர் மீனா இருக்கணும். நல்லா கொழுகொழுன்னு" என்றேன். உள்ளூர் மீனை உள்ளூர்க்காரர்களுக்குப் போடுவதில் ஒரு கவித்துவம் இருப்பதாக எண்ணம்.

தனம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "விராலு தரட்டா சாமி? கமிட்டிக்கா கேக்கற?"

"கமிட்டிக்குத்தான்."

"அப்பறம் பேஜாரு ஒண்ணும் வராதே?"

"என்ன பேஜார்? யாராவது கேட்டால் என் பேரைச் சொல்லுங்க."

விழா நாளில் வானம் மூடியிருந்தாலும் மழை இல்லை. கலங்கல்மேல் அடுக்கிய மூட்டைகளின் விளிம்புவரை தண்ணீர் ததும்பி, இடுக்குகளில் கசிந்து வழிந்தது. பந்தலில் பாய் விரித்து, வரிசையாக இலை போட்டு, மேலேரிக்காரர்கள் ஒரு பக்கம், கீழேரிக்காரர்கள் எதிர்ப்பக்கம். துரைக்கண்ணு நாற்காலியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு நேர் எதிரே அஞ்சலை.

சமையல்காரர் பாபு குழம்பு அருமையாக வைத்திருந்தார் என்று எல்லார் முகமும் சொன்னது. நான் இலைகளுக்கு நடுவே கல்யாண வீட்டு மாமாவைப்போல வளைய வந்தேன். குழம்பில் மீன் துண்டுகளோடு மஞ்சளாக, திரள் திரளாக ஏதோ மிதந்தது. பருப்பு உருண்டை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பருப்பு உருண்டைக் குழம்பு பிரசித்தம். மீன் குழம்பிலும் உருண்டை போடுவார்கள் போலிருக்கிறது, நல்ல பழக்கம் என்று மெச்சிக்கொண்டேன். துரைக்கண்ணுவின் இலையருகே நின்று, "பாபு, தலைவருக்கு இன்னும் ரெண்டு உருண்டை வைங்க!" என்று உபசாரமும் செய்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு மைக்கைப் பிடித்தேன்.

"பெரியோர்களே! இந்த மழையில் விரால் ஏன் மேலே ஏறத் துடிக்கிறது தெரியுமா? அது தாய்! அதன் வயிற்றில் சினை! மஞ்சள் மஞ்சளாக, திரள் திரளாக, எண்ண முடியாத முட்டைகள்! அந்தத் திரளில் ஒரு பிடி நம் கையில் இருந்தால், அடுத்த வருடத்து ஏரியே நம் கையில் இருக்கிறது என்று அர்த்தம்!"

பந்தி நின்றுபோனது. கைகள் பாதி வழியில் நின்றன. ஒருவர் தன் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி இலையைப் பார்த்தார். என் பேச்சு நெஞ்சைத் தொட்டுவிட்டது என்று புரிந்துகொண்டு குரலை இன்னும் தழுதழுக்க வைத்தேன். "அந்தத் தாயை நம்மில் யாருக்காவது தின்ன மனம் வருமா?"

துரைக்கண்ணு நிதானமாக ஒரு மஞ்சள் திரளைக் கையில் எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"சாமி. அப்ப இது இன்னா?"

"பருப்பு உருண்டைங்க" என்றேன். மைக்கில்.

பிறகு துரைக்கண்ணு, பல வருடத்துக்குப் பிறகு, நேராக அஞ்சலையைப் பார்த்துப் பேசினார். அவர்களை நேருக்கு நேர் பேசவைக்க நான் ஒரு கோடை முழுவதும் பாடுபட்டிருக்கிறேன். அது இப்படி நிறைவேறும் என்று எதிர்பார்க்கவில்லை.

"வாக்கு குடுத்துட்டு வாய்க்கால்ல வல போட்டீங்களா? சின மீன வாரிகினு வந்து எனக்கே போடறீங்களா?"

அஞ்சலை எச்சில் கையோடு எழுந்துவிட்டாள். "இன்னா பேசற? எங்க பொம்பளைங்க ஒருத்தி வலய தொடல. ஒன் ஊரு ஆளுங்கதான் செவுத்தாண்ட குந்திகினு இருப்பானுங்க. போயி அவங்கள கேளு!"

அவள் எழுந்ததும் கீழேரி வரிசை எழுந்தது. அதைப் பார்த்து மேலேரி வரிசை எழுந்தது. பாதிப் பந்தி. துரைக்கண்ணு கையைக்கூடக் கழுவாமல் வேப்பமரத்தடிக்குப் போய் நாற்காலியை மொபெட்டில் கட்ட ஆரம்பித்தார். "நாளைக்கு இந்த மூட்ட மேல இன்னொரு வரிச வெக்கறேன். சொட்டுத் தண்ணி கீழ போவாது."

சுவரில் மோதிய அந்த மீன் ஞாபகம் வந்தது. ஒரு கோடைக்கால உழைப்பு பருப்பு உருண்டையில் முடிந்துகொண்டிருந்தது. எந்த ஊர் வாக்குத் தவறியது என்று தெரிந்தால், அந்த ஊரைக் காலில் விழவைத்தாவது உடன்படிக்கையைக் காப்பாற்றலாம் என்று தனம்மாளுக்குப் போன் போட்டேன். போனை மைக் பக்கத்தில் பிடித்தேன். எல்லாரும் கேட்கட்டும் என்ற நல்லெண்ணம்.

"தனம்மா, இந்த மீன் எங்கே பிடிச்சது?"

ஸ்பீக்கரில் அவள் குரல் ஏரி முழுவதும் கேட்டது. "இன்னா சாமி கேள்வி? நீதானே நம்ம தண்ணி மீனுன்ன. வாய்க்கால்லதான்."

"யார் பிடிச்சாங்க? மேலேரியா, கீழேரியா?"

"ரெண்டு ஊரு ஆளுங்களுந்தான். ஆரும் வரமாட்டேன்னாங்க சாமி, வாக்கு குடுத்துகீறோம்னு. நாந்தான் சொன்னேன், கமிட்டியே கேக்குது, சாமி பேர சொல்லச் சொன்னாருன்னு. அப்பறந்தான் எறங்குனாங்க. ஏன், கொழம்பு நல்லா இல்லியா?"

போனை அணைத்தேன். நாற்காலி கட்டிக்கொண்டிருந்த துரைக்கண்ணுவின் கை நின்றது. எழுந்து நின்ற இரண்டு வரிசையும், சொல்லி வைத்தாற்போல, என் பக்கம் திரும்பின.

"அப்ப அவங்க தானா போடல" என்றார் துரைக்கண்ணு.

"நீங்களும் தானா போடல" என்றாள் அஞ்சலை. (நீங்க! மரியாதைப் பன்மை!)

"மீனே துண்ணாத ஆளுன்னு இவர போட்டது நீதானே?"

"ஆமா. கெண்டப்பொடி கொறையாதுன்னு சொன்னேன்" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் துரைக்கண்ணுவின் மீசை ஆடியது. பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. "பருப்பு உருண்ட!" என்று ஒருவர் சொல்வதும், இன்னொருவர் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வதுமாக இரண்டு ஊரும் கலந்துபோய்ச் சிரித்தது. யார் மேலேரி, யார் கீழேரி என்றே எனக்குத் தெரியவில்லை. கண் மங்கலாக இருந்ததும் ஒரு காரணம். எனக்கு அழுகை வந்திருந்தது.

அப்போது அடுப்புக்குப் பின்னால் 'தொம், தொம்' என்று சத்தம் கேட்டது. மூடிமேல் கல் வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் டிரம். அஞ்சலை கிட்டே போக, பாபு அதன் முன்னால் நின்று மறைத்தார்.

"ஒண்ணும் இல்லக்கா, வூட்டுக்குன்னு ரெண்டு எடுத்து வெச்சேன்..." என்று தலையைச் சொறிந்தார். உள்ளே இரண்டு பெரிய விரால்கள், உயிரோடு. பாபுவின் திருட்டுக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

"துண்ணது துண்ணாச்சு. இதுங்கள மேல கொண்டு போய் வுட்டுடலாம்" என்றாள் அஞ்சலை.

"யாரு வுடறது?" என்று துரைக்கண்ணு கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஆர்டரு போட்ட கையாலயே வுடு சாமி."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலங்கல் சுவர்மேல் ஏறினேன். மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் மேல் ஏரி. இந்தப் பக்கம் வாய்க்கால் பள்ளம். முதல் விராலை அஞ்சலையே அலட்சியமாகப் பிடித்து ஏரியில் விட்டாள். இரண்டாவதை என் கையில் கொடுத்தாள். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மீனைத் தொட்டேன். குளிர்ச்சியாக, வழவழவென்று, நம்பமுடியாத பலத்தோடு இருந்தது. வயிறு புடைத்திருந்தது. அதன் உயிர் என் உள்ளங்கையில் திமிறியதை உணர்ந்தபோது, அத்தனை நாள் மைக்கில் பேசியதெல்லாம் வெறும் சத்தம் என்று தோன்றியது.

அது ஒரு துள்ளு துள்ளியது. நான் விடாமல் மார்போடு அணைத்தேன். கால் வழுக்கியது. பிடிமானத்துக்கு ஒரு மூட்டையில் காலைக் கொக்கி போட்டேன். மூட்டை, நான், மீன், மூன்று பேரும் பின்பக்கமாகப் பள்ளத்தில் விழுந்தோம்.

இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை, தலைமேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து என்று நிமிர்ந்து பார்த்தேன். மூட்டை விழுந்த இடைவெளியில் மேல் ஏரி பொங்கி வழிந்தது. இரண்டு ஊரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முதல் மூட்டையை நான் காலால் எடுத்திருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அந்தத் தண்ணீரையே பார்த்தார்கள். கலங்கி, நுரைத்து, வாய்க்காலில் இறங்கி, கீழ் ஏரியைப் பார்த்து ஓடியது. துரைக்கண்ணு என்ன சொல்வாரோ என்று நான் பயந்தேன். அவர் சட்டையோடு பள்ளத்தில் குதித்தார். என்னைத் தூக்கத்தான் வருகிறார் என்று கை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் விராலைப் பிடித்து, மேலே நின்ற அஞ்சலையிடம் நீட்டினார். அவள் குனிந்து வாங்கி ஏரியில் விட்டாள். அதற்கப்புறம்தான் என்னைக் கவனித்தார்கள். பிறகு மற்ற மூட்டைகளும் இறங்கின. கையைக் கழுவிக்கொண்டு எல்லாரும் மறுபடி பந்தியில் உட்கார்ந்து ரசம் சாப்பிட்டார்கள்.

அடுத்த கோடையில் இரண்டு ஊரும் சேர்ந்து சுவரடியில் கல் சரிவு கட்டின. கமிட்டியில் எழுதாத விதி ஒன்றும் ஏற்பட்டது: சாப்பாட்டு விஷயத்தில் செயலாளர் தலையிடக் கூடாது. வருடா வருடம் அந்தப் பந்திக்கு அப்பாவின் புளியோதரைதான் போகிறது. வீட்டில் பருப்பு உருண்டைக் குழம்பு வைத்தால் அப்பா, "இது வாய்க்கால்லேர்ந்து வந்ததாடா?" என்று கேட்காமல் சாப்பிட மாட்டார். கல்யாணமாகி வந்த என் மனைவி கதை தெரியாமல், முதல் நாள் பயந்துபோய்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

இந்த மழைக்கு அஞ்சலை போன் செய்தாள். "சாமி, ஒன் சொந்தக்காரங்கல்லாம் மேல போய்க்கினு கீறாங்க. வந்து பாரு."

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். கற்களின் இடுக்கில் தண்ணீர் நுரைத்து இறங்க, அதை எதிர்த்து மீன்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு மீன் துள்ளி, கல்லில் ஒதுங்கி, இளைப்பாறி, மறுபடி துள்ளி, அந்தப் பக்கம் போயே போய்விட்டது. கரையில் துரைக்கண்ணு அதே நாற்காலியைப் போட்டிருந்தார். அதில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் கல்மேல் குந்திக்கொண்டு அவளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், நடுவில் கம்பி எதுவும் இல்லாமல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர்கள் பார்க்காமல் துடைத்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்தபடி நின்றேன்.

துரைக்கண்ணு திரும்பாமலே கேட்டார்: "சாமி, இதுல எது பருப்பு உருண்ட?"